கேதுவும் கருவும்: பிறவிக் குறைகளுக்குக் காரணங் கண்ட வரலாறு

மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலத்திற் பாலாவியின் கரையில் அமைந்தது திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய இத்தலத்தின் பழமையும், 16 ஆம் நூற்றாண்டிற் பறங்கியரால் அது அழிந்த கதையும், 1872 இல் ஆறுமுக நாவலர் அதனை மக்களுக்கு நினைவூட்டியதும், 1948 இல் தொடங்கிய திருப்பணியும் பலமுறை எழுதப்பட்டுள்ளன. அவற்றை மீண்டும் கூறுதல் ஈண்டு வேண்டியதன்று. இத்தலத்தைச் சூழ்ந்த மரபுக் கதைகளுள் இரண்டு பிறிதொரு காரணத்தால் ஆராயத்தக்கன. ஒன்று, கேது இங்கு இறைவனை வழிபட்டு அருள் பெற்றான் என்பது. மற்றது, துவட்டா என்பான் மகப்பேறு வேண்டி இங்குத் தவஞ் செய்தான் என்பது. மாதோட்டம் என்னும் பெயரே மாதுவட்டா என்பதன் திரிபென்று கொள்வாரும் உளர்.

கேது தலையிழந்த உடல். அமுதுண்ணப் புகுந்த அசுரன் இருகூறாக வெட்டுண்டபோது தலை இராகுவாகவும் உடல் கேதுவாகவும் ஆயின என்பது புராணம். துவட்டாவுக்குப் பிறந்த விசுவரூபனோ மூன்று தலைகளை உடையவன் என்று இதிகாச புராணங்கள் கூறும். ஒருவனுக்கு உறுப்புக் குறை; மற்றவனுக்கு உறுப்பு மிகை. மாதோட்டத்துக் கோயில் இவ்விரு கதைகளையும் தன் வாயிலிலே தாங்கி நிற்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் இத்தகைய பிறவிகள் எதனால் நிகழ்கின்றன என்னும் வினா, மனிதன் பிள்ளை பெற்று வளர்க்கத் தொடங்கிய நாளிலேயே எழுந்திருத்தல் வேண்டும். அதற்குத் தமிழரும் அவரை அடுத்தோரும் கூறிய விடைகள், மருத்துவ வரலாறு மட்டுமல்ல. பழி யார்மேற் சுமத்தப்பட்டது என்பதன் வரலாறுமாம்.

தமிழில் இப்பொருள் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று புறநானூற்றின் 28 ஆம் பாட்டில் உள்ளது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு அறிவுறுத்துமிடத்து, குருடு, உறுப்பற்ற பிண்டம், கூன், குறள், ஊமை, செவிடு முதலாக எண்வகைக் குறைப் பிறவிகளை எண்ணிக் கூறுகின்றார். இவை பேதைமை தவிரப் பயனில்லாதன என்று முன்னோர் கூறினர் என்பது அவர் கருத்து. அரசனை அறம் பொருள் இன்பங்களிற் செலுத்துதற்கு அவர் கையாண்ட உவமை அது. எனினும் கடுமையானது என்பதில் ஐயமில்லை. அவ்வுவமையிற் குறைகளின் வகை உண்டு, காரணம் இல்லை. வகுத்தெண்ணும் அறிவு காரணம் நாடும் அறிவுக்கு முற்பட்டது என்பதற்கு இஃதொரு சான்று. ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வள்ளுவர், பொறியில்லாமை எவர்க்கும் பழியாகாது என்னும் கருத்தை வைத்தார். பரிமேலழகர் பொறி என்பதற்கு விதி என்று பொருள் உரைத்தார். உறுப்பு என்று கொள்வாரும் உளர். பின்னைய பொருளே கொள்ளப்படுமாயின், சாத்தனார் கூற்றுக்கு அதனினுஞ் சிறந்த மறுப்பு வேண்டுவதில்லை.

காரணங் கூறும் கதைகளை இதிகாசத்திற் காணலாம். வியாசரின் தோற்றத்தைக் கண்டு அஞ்சி அம்பிகை கண்களை மூடினாள். திருதராட்டிரன் குருடனாய்ப் பிறந்தான். அம்பாலிகை வெளிறினாள்; பாண்டு வெளிறிய உடலோடு பிறந்தான். வினதை பொறுமையிழந்து முட்டையை உரிய காலத்துக்கு முன் உடைத்தாள். அருணன் இடைக்குக் கீழ் வளர்ச்சி பெறாதவனாய் வெளிப்பட்டுத் தாயைச் சபித்தான். அட்டாவக்கிரன் ஒருவனே தந்தையின் சாபத்தாற் கருவிலேயே எட்டுக் கோணல் பெற்றவன். மூன்று கதைகளில் தாய் குற்றவாளி. ஒன்றில் மட்டுமே தந்தை. தாய் கண்டதும், அஞ்சியதும், விரும்பியதும் கருவிற் பதியும் என்னும் கொள்கை இந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரான்சு நாட்டு அறுவை வைத்தியர் அம்புரோய்சு பாரே 1573 இல் வெளியிட்ட நூலில் விகாரப் பிறவிக்குப் பதின்மூன்று காரணங்களை வகுத்தபோது, கடவுளின் சினத்தோடும் வித்தின் மிகை குறைகளோடும் தாயின் கற்பனையையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொண்டார்.

வடமொழி மருத்துவ நூல்கள் இரு வழிகளிற் செல்கின்றன. சுசுருதர், கருவுற்றாளின் வயாக் கோட்பாட்டை விரித்துரைத்து, அவள் விரும்பியது கிடையாதாயின் குழந்தை கூன், முடம், குறள், மந்தம், கண்குறை முதலியவற்றோடு பிறக்கும் என்றார். இக்கூற்றினால் ஒரு நன்மை விளைந்தது; பிள்ளைத்தாய்ச்சி கேட்டதை மறாது கொடுக்கும் வழக்கம் நாட்டில் நிலைத்தது. வறுமைப்பட்ட குடியில் அவளுக்கு வயிறார உணவு கிட்டுதற்கு இவ்வச்சமே துணையாயிருந்திருக்கும். சரகரோ இதனினும் நுட்பமான கருத்தொன்றை உரைத்துள்ளார். வித்தில் எவ்வுறுப்பைத் தோற்றுவிக்கும் பகுதி கெடுகின்றதோ அவ்வுறுப்பே கெடும், கெடாதாயிற் கெடாது, ஆதலின் குருடர் மக்களெல்லாம் குருடராய்ப் பிறப்பதில்லை என்பது அதன் சாரம். பரம்பரையலகு என்னும் சொல்லே தோன்றாத காலத்தில், உருப்பெருக்கி முதலிய கருவிகள் எவையுமின்றி, கண்முன் கண்ட ஒரு முரண்பாட்டிலிருந்து இவ்வளவு தூரம் சென்றமை வியத்தற்குரியது. ஆயின் இக்கருத்து நூலோடு நின்றது. மக்கள் மனத்திற் பதிந்தது சுசுருதரின் வயாவும் இதிகாசத்தின் அம்பிகையுமே.

தமிழிற் கருவின் தோற்றத்தை முறைப்படுத்திக் கூறியவர் திருமூலர். திருமந்திரத்துக் கர்ப்பக் கிரியைப் பகுதியில், தாயின் உதரத்தில் மலம் மிகுந்தால் குழந்தை மந்தமாகும், சலம் மிகுந்தால் ஊமையாகும், இரண்டும் ஒத்து மிகுந்தால் குருடாகும் என்பர். அதே பகுதியில், கூடுங் காலத்து வாயு குறையிற் குறளும், இளைக்கின் முடமும், நடுப்படிற் கூனும் பிறக்கும் எனவும் உரைப்பர். உதரம் தாயினது, வாயுவோ தந்தைக்கும் உரியது என்று உரைகாரர் கொள்வர். உடற்கூற்றளவில் இவை இன்று ஏற்கத்தக்கன அல்ல. ஆனால் கிரகமோ, கண்ணூறோ, முன்னோர் சாபமோ கூறாது, உடலின் நிலையையே காரணமாகக் காட்டியதில் திருமூலர் தம் காலத்து மக்கள் நம்பிக்கைக்கு அப்பாற் சென்றார் எனல் தகும்.

கோச்செங்கட் சோழர் வரலாறு இவ்விடத்து நினைக்கத்தக்கது. ஒரு நாழிகை தாழ்த்துப் பிறப்பின் பிள்ளை மூவுலகாளும் என்று சோதிடர் கூற, கமலவதி என்னும் அரசி தன் கால்களைப் பிணித்துத் தலைகீழாகத் தூக்குமாறு பணித்தாள். தாழ்த்துப் பிறந்த மகவின் கண்கள் சிவந்திருந்தன. அதனைக் கண்டு பெயரிட்டழைத்த தாய் அப்போதே உயிர் நீத்தாள் என்று பெரியபுராணம் கூறும். பேற்றின் அழுத்தத்தாற் பிறந்த குழந்தையின் வெண்விழியிற் குருதி கசிந்து சிவத்தல் இன்றும் மருத்துவர் காண்பதே. சில வாரங்களில் அது தானே மறையும். கருவில் உண்டாகுங் குறை வேறு, பேற்றின்போது நேரும் ஊறு வேறு என்பதனைத் தெளிவிக்க இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. மகன் கண் சிவந்தது பேசப்பட்ட அளவுக்குத் தாய் மாண்டது பேசப்படாமையும் கருதற்பாலது.

இனிக் கேதுவுக்கு மீள்வோம். கிரகணக் காலத்திற் கருவுற்ற பெண் வெளியே வருதல் ஆகாது; கத்தி, அரிவாள் தொடுதல் ஆகாது; மீறின் குழந்தையின் உதடு பிளந்து பிறக்கும் என்பது தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பரவிய நம்பிக்கை. கிரகணமூளி என்று ஒரு சொல்லே தமிழில் வழங்கிற்று. மாதோட்டத்திலிருந்து பல்லாயிரம் மைல் அப்பால் மெக்சிக்கோவின் பழங்குடி மக்களும் கிரகணத்தையும் பிளவுதட்டையும் இவ்வாறே இணைத்து நம்பினர். சந்திரனைக் கடித்த வாய் குழந்தையின் உதட்டையும் கடிக்கும் என்னும் ஒப்புமையே இரு நாட்டாருக்கும் போதியதாயிருந்தது.

கிரகணம் நிழலால் நிகழ்வது என்பதனை ஆரியபட்டர் 5 ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே எழுதிவிட்டார். பஞ்சாங்கக் கணிதர் அக்கணக்கைக் கொண்டே கிரகண வேளையைக் குறித்தனர். குறித்தபின் பாம்பு விழுங்கிற்று என்றனர். இந்நம்பிக்கையைச் சோதித்தல் கடினமன்று. மேலுதடு கருவின் 7 ஆம் வாரத்தளவில் இணைந்துவிடுகின்றது. அண்ணம் 12 ஆம் வாரத்தளவில் மூடிவிடுகின்றது. வயிறு வெளித்தெரியும் ஐந்தாம் ஆறாம் மாதத்துப் பெண்ணையே கிரகணத்தன்று அறையில் அடைப்பர்; அக்காலத்துக் குழந்தையின் உதடு பிளக்கவேண்டியிருப்பின் அது முன்னரே பிளந்திருக்கும். காக்கவேண்டிய வாரங்களிலோ அவள் கருவுற்றாள் என்பதே பலகால் அறியப்படுவதில்லை. அன்றியும், ஏறத்தாழ எழுநூறு குழந்தைகளில் ஒன்றுக்கு உதட்டிலோ அண்ணத்திலோ பிளவு உண்டென உலகின் பல நாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன. கிரகணம் தோன்றிய ஆண்டென்றும் தோன்றாத ஆண்டென்றும் அக்கணக்கு வேறுபடுவதில்லை. 2010 ஜனவரி 15 இலும் 2019 டிசம்பர் 26 இலும் வட இலங்கையின் மேல் வளைய கிரகணங்கள் சென்றன. ஓர் நாட்டின் மேல் ஒரே வேளையில் விழுகின்ற நிழல் பிளவுதட்டுக்குக் காரணமாயின், அடுத்து வந்த மாதங்களில் அந்நாடெங்கும் அத்தகைய குழந்தைகள் திரளாகப் பிறந்திருத்தல் வேண்டும்.

திருக்கேதீச்சரத்தின் மரபோ இந்நம்பிக்கைக்கு நேர்மாறானது. அங்குக் கேது பிறரைக் குறைப்படுத்த வந்தவனல்லன். தன் குறையோடு வந்து பாலாவியிற் படிந்து தொழுதவன். தலையற்ற உடலினன் என்பதற்காக அவன் புறத்தே நிறுத்தப்பட்டான் என்று தலமரபு கூறவில்லை. அவன் பெயராலேயே ஈசன் அழைக்கப்படுகின்றான். பிள்ளையின் உதட்டைப் பிளந்தவன் கேது என்று தாயொருத்தியைத் தூற்றியோர், அக்கேதுவின் தலத்துக் கதையைச் செவ்வனே கேட்டிலர் போலும்.

ஈழத்து மருத்துவ நூல்களுட் சிறந்தனவாகிய செகராசசேகரமும் பரராசசேகரமும் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தன என்பர். பரராசசேகரத்திற் கருப்ப நோய்களும் பாலர் நோய்களும் தனித்தனியே ஆராயப்பட்டுள்ளன, ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அந்நூலைப் பகுதி பகுதியாகப் பதிப்பித்து அழியாமற் காத்தார். மேனாட்டு மகப்பேற்று மருத்துவம் தமிழில் வந்தது மானிப்பாய் வழியாக. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவங் கற்பித்தார். 1857 இல் மகப்பேறு பற்றிய மொன்செல் என்பாரின் நூல் தமிழில் வெளிவந்தது. நாவலர் திருக்கேதீச்சரத்தை நினைவூட்டிய 1872 ஆம் ஆண்டிலேயே கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் தமிழுருப் பெற்றது. ஒருவர் சமயத்தின் பொருட்டும் மற்றவர் வேறொரு சமயத்தின் பொருட்டும் உழைத்தவரேனும், இருவரும் தமிழ் உரைநடையின் ஆற்றலிற் கொண்ட நம்பிக்கை ஒன்றே. கற்பித்த மாணவர் ஊர்கடோறுஞ் சென்றனர். ஆயினும் குழந்தை ஏன் குறையோடு பிறந்தது என்று தாய் வினவின், அக்காலத்து மானிப்பாய் வைத்தியரும் பொஸ்ரன் வைத்தியரும் விடை கூற இயலாதவரே. ஐரோப்பாவில் இசிடோர் ஜெப்ரூவா செந்திலேர் 1830 களில் விகாரப் பிறவிகளைத் தனித்ததோர் அறிவியலாக வகுத்திருந்தார். அதுவும் சாத்தனார் செய்த வகுப்பின் விரிவே. காரணம் இன்னும் இருளிலேயே இருந்தது.

இருள் அகலத் தொடங்கியது 1941 இல். அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துக் கண் வைத்தியர் நோமன் கிரெக், பிறவிக் கண்புரையோடு வந்த கைக்குழந்தைகள் வழக்கத்தினும் மிகுந்திருப்பதைக் கண்டார். காத்திருந்த தாயர் தம்முட் பேசிக்கொண்டதை அவர் கேட்டதாகக் கூறுவர்: கருவுற்றிருந்த காலத்துத் தமக்கு ருபெல்லாச் சுரம் கண்டது என்பது அவர் பேச்சு. கிரெக் ஆராய்ந்த 78 குழந்தைகளுள் 68 குழந்தைகளின் தாயர் கருவின் தொடக்கத்தில் அந்நோய்க்கு ஆளானோர். கருப்பை என்பது புறத்துத் தீங்கு புகாத கோட்டை என்னும் மருத்துவக் கொள்கை அன்று தகர்ந்தது. ஈராயிரம் ஆண்டுகளாகத் தாயைக் குற்றக் கூண்டில் நிறுத்தி அவள் எதைக் கண்டாள், எதற்கு அஞ்சினாள் என்று வினவினர். கிரெக் அவளைச் சாட்சியாகக் கொண்டு அவள் கூறியதைக் கேட்டார். பின்னர் எழுந்த ஆராய்ச்சிகளுட் பல இம்முறையையே பின்பற்றின. 1957 இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட் என்னும் உறக்க மருந்து, 1961 இன் இறுதியில் மீட்கப்படுவதற்குள் ஏறத்தாழப் பதினாயிரம் குழந்தைகளின் கைகால்களைக் குறைத்தது. லென்சு, மெக்பிரைடு என்னும் இரு வைத்தியர் அதனை வெளிப்படுத்தியதும் தாயர் உண்ட மருந்தை வினவி அறிந்தே.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிற் கண்புரையோடு வந்த ஒரு வயதிற்குட்பட்ட குழந்தைகளை 1990 களில் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ நால்வருள் ஒருவருக்கு ருபெல்லாவே காரணமெனக் கண்டனர். சிட்னியில் அறிந்த உண்மை அரை நூற்றாண்டுக்குப் பின்னும் தமிழகத்துத் தாயர்க்குப் பயன்படவில்லை என்பதே இதன் பொருள். இலங்கையிலும் 1994, 1995 ஆம் ஆண்டுகளிற் பிறவி ருபெல்லா பரவிற்று. 1996 இல் பெண்களுக்குத் தடுப்பூசி தொடங்கப்பட்டது. பின்னர்க் குழந்தைகள் அனைவருக்கும் விரிந்தது. 2020 இல் ருபெல்லா இலங்கையினின்றும் ஒழிக்கப்பட்டதென உலகச் சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது.

மன்னாரின் உப்பளங்களுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. தாயின் உணவில் அயடீன் மிகக் குறையின் குழந்தையின் மூளை வளர்ச்சி தடைப்படும். செவிடும் ஊமையும் குறளும் அதனால் விளைதல் உண்டு. சாத்தனார் வேறுவேறாக எண்ணியவற்றுட் சில ஒரே குறைவின் கிளைகள் என்பதனை இது காட்டும். இலங்கையிற் கண்டக்கழலை மிகுந்தது மழை மிக்க தென்மேற்குப் பகுதியில். 1995 முதல் உண்ணும் உப்பெல்லாம் அயடீன் சேர்க்கப்பட்டதாயிருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. வறண்ட கரையில் விளைந்த உப்பு ஈர நாட்டுக் கருவைக் காக்கும் வழியாயிற்று.

தமிழர் நாணத்தோடு தவிர்க்கும் வினா ஒன்றுண்டு: உறவுத் திருமணம். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணத்தல் பழைய உரிமை. சரகரின் உடற்பகுதியில் ஓரியலுக்கு ‘வேறு கோத்திரத்தாள்’ எனப் பொருள்படும் பெயரே அமைந்துள்ளமை நோக்கத்தக்கது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இராவ், இன்பராஜ் என்னும் ஆய்வாளர் 1977 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தமிழ்நாட்டு உறவுத் திருமணங்களால் எதிர்பார்த்த அளவு தீங்கு காணப்படவில்லை. பல நூற்றாண்டு வழக்கத்தாற் கேடான பரம்பரையலகுகள் முன்னரே களையப்பட்டிருக்கலாம் என்று சிலர் கருதினர். பிற்கால ஆராய்ச்சிகள் அவ்வளவு ஆறுதல் தருவனவல்ல. பொதுவாகப் பிறக்குங் குழந்தைகள் நூற்றுக்கு இரண்டு மூன்று பெருங்குறையோடு பிறப்பின், பெற்றோர் முதல்தர மச்சான் மச்சாளாயின் அவ்விகிதம் மேலும் இரண்டு மூன்று உயரும் என்பர். அஃதாவது, அத்தகையோர் பெறும் மக்களுட் பெரும்பாலார் குறையற்றவரே. இதனை அச்சமூட்டும் பழியாகவும் கூறலாகாது; இல்லையென்று மறைத்தலும் ஆகாது. குடும்பத்தில் முன்னரே ஒரு நோய் தொடர்ந்து வருமாயின் ஆபத்து மிகும் என்பதே மணம் பேசுவோர் அறியவேண்டியது.

குருதி நோயான தலசீமியாவுக்கும் இது பொருந்தும். அந்நோயின் பரம்பரையலகை ஒரு பக்கத்தில் மட்டும் பெற்றவர் மலேரியாவினின்றும் ஓரளவு காக்கப்படுவர் என்னும் கருத்தை ஹோல்டேன் 1940 களின் இறுதியில் வெளியிட்டார். அழிந்த மாதோட்டத்தைக் காடு மூடியிருந்த நூற்றாண்டுகளில் வறண்ட வலயம் முழுவதும் மலேரியாவின் ஆட்சியில் இருந்தது. 2016 இல் இலங்கை அந்நோயினின்றும் விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. நோய் போயிற்று; அதனை எதிர்க்க உடல் கைக்கொண்ட பரம்பரையலகு போகவில்லை. இருபக்கத்தும் அதனைப் பெற்ற குழந்தை வாழ்நாள் முழுவதும் பிறர் குருதியை வேண்டி நிற்கின்றது. மூதாதையர்க்குக் காவலாயிருந்தது பேரனுக்கு நோயாவதனை முன்வினை என்று ஒருவர் கூறின், அச்சொல் இங்கு முற்றிலும் பொருந்தாதெனவும் கூறுதற்கில்லை. ஆயின் அவ்வினையிற் குற்றம் எவர்க்கும் இல்லை.

விளைவுகளை நோக்கின், 1946 அளவில் இலங்கையிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 140 குழந்தைகள் ஓராண்டுக்குள் மாண்டன. காய்ச்சலும் வயிற்றோட்டமும் கொண்டுபோனவை பல. அவற்றினிடையே பிறவிக் குறையால் மாண்டது தனித்துத் தெரியவில்லை. இன்று அவ்விறப்பு ஆயிரத்துக்குப் பத்துக்குங் கீழ் இறங்கியுள்ளது; ஏனைய காரணங்கள் அருகியதனால் பிறவிக் குறை முன்னே வந்து நிற்கின்றது. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,40,000 குழந்தைகள் பிறந்து 28 நாளைக்குள் இக்குறைகளால் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. உயிர் பிழைத்த குழந்தையின் கதை இக்கணக்கினுள் வாராது. அக்குழந்தையைத் திருவிழாவுக்குக் கொண்டுசெல்லாத வீடும், அதன் அக்காளுக்கு மணம் பேச வந்தோர் திரும்பிப்போன வீடும், மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு மகனுக்கு வேறு பெண் தேடிய வீடும் எவ்வூரிலும் உண்டு. 1959 இல் லெஜோன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் டௌன் நோயின் காரணம் மிகையான ஒரு நிறமூர்த்தம் எனக் காட்டினார். அம்மிகை பெரும்பாலும் தாயின் முட்டையிலிருந்தும், சிலபோது தந்தையின் விந்திலிருந்தும் வருவது. கலம் பிரியுங்கால் நேரும் இப்பிழையை எவரும் செய்வதில்லை. எவரும் தடுத்தலும் இயலாது. பிறவிக் குறைகளுள் ஏறத்தாழப் பாதிக்கு இன்னும் காரணம் காணப்படவில்லை.

காரணம் தெளிந்தவற்றுள் மிக எளிதிற் காக்கத்தக்கது முண்ணாண் பிளவு. கருவுற்ற 28 நாளுக்குள் முண்ணாண் குழாய் மூடிவிடவேண்டும். அதற்கு வேண்டிய போலிக்கமிலத்தைக் கருவுறுமுன்னரே உட்கொண்டால், முன்னர் அத்தகைய பிள்ளையைப் பெற்ற தாயர்க்கு மீண்டும் அக்குறை நேர்தல் நூற்றுக்கு எழுபதுக்கு மேற் குறைந்தது என்று 1991 இல் வெளிவந்த பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபையின் ஆய்வு காட்டிற்று. இலங்கையிற் குடும்பநல மாதர் வீடுகடோறுஞ் சென்று புதுமணத் தம்பதியர்க்கே அம்மாத்திரையை வழங்குகின்றனர். மசக்கை தெரிந்தபின் தொடங்கினால் அந்த 28 நாள் கடந்திருக்கும்.